சென்னை உயர் நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரவரம்பு (1862–1947): நகரமும் மாவட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாணத்தில் ஒருவர் எந்த இடத்தில் குற்றம் சாட்டப்பட்டார் என்பதைப் பொறுத்தே அவருடைய மேல்முறையீட்டு உரிமை அமைந்திருந்தது. மாவட்ட செஷன்ஸ் நீதிபதியிடம் தண்டனை பெற்றவர் சாட்சியங்களை மறுபடியும் ஆராயும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்க முடிந்தது. சென்னை நகர எல்லைக்குள் உயர் நீதிமன்றத்தாலேயே விசாரிக்கப்பட்டவருக்கு 1943 வரை அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, எவ்வளவு காலம் நீடித்தது, எவ்வாறு முடிவுற்றது என்பதை 1901, 1908, 1945–47 ஆகிய ஆண்டுகளின் வழக்குகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு பற்றி மக்களிடையே வழங்கும் ஒரு கருத்தும் இங்கு மறுபரிசீலனைக்கு உள்ளாகிறது.

திறவுச்சொற்கள்: மேல்முறையீடு, அதிகாரவரம்பு, ஜூரி, அரசப் பட்டயம், பிரிவி கவுன்சில், வ.உ.சி., எம்.கே. தியாகராஜ பாகவதர்

முன்னுரை

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். திரைத்துறையினரின் அந்தரங்கங்களை எழுதிப் பலருடைய பகையைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். இக்கொலையின் சதியில் பங்கு கொண்டதாக எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் மீது குற்றம் சாட்டப்பட்டது. பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்த ஆண்டு தீபாவளிக்கு வெளியாகித் திரையரங்கில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. 1945 மே மாதம் பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் வாழ்நாள் தீவாந்தர சிட்சை விதிக்கப்பட்டது, நாயுடு விடுவிக்கப்பட்டார்.

இவ்வழக்கைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை நடிகர்களின் புகழையும் வீழ்ச்சியையும் பேசுபவை. வழக்கு எந்த நீதிமன்றத்தில் தொடங்கியது, அங்கிருந்து எந்தச் சட்டப் பிரிவின் வழியே மேலே சென்றது என்னும் கேள்விகள் அநேகமாக எழுப்பப்படுவதில்லை. ஆனால் இக்கைதிகளின் வாழ்வு அந்தப் பிரிவின்மீதே நின்றது. அப்பிரிவு சட்டநூலில் ஏறியது 1943-இல். கொலை நடந்தது அதற்கு அடுத்த ஆண்டில். இரண்டாண்டுகள் முன்னதாக இதே வழக்கு இதே மன்றத்தில் நடந்திருந்தால், சாட்சியம் நம்பத்தக்கதுதானா என்று கேட்டு மேல்முறையீடு செய்யும் வழியே அவர்களுக்கு இருந்திராது.

ஒரு கூரையின்கீழ் இரு மரபுகள்

சென்னை உயர் நீதிமன்றம் 1861-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றச் சட்டத்தையும் 1862 ஜூன் 26-ஆம் நாளிட்ட அரசப் பட்டயத்தையும் அடிப்படையாகக் கொண்டு உருவானது. அதற்கு முன் இங்கு இருவகை நீதிமன்றங்கள் தனித்தனியே இயங்கின. 1801-இல் நிறுவப்பட்ட சுப்ரீம் கோர்ட்டு முதன்மையாகச் சென்னை நகருக்கு உரியது. அங்கு ஆங்கிலச் சட்டமும் ஆங்கிலேய ஜூரி முறையும் வழங்கின. நகருக்கு வெளியே, அக்காலத்தார் 'மொபசல்' என்று குறித்த மாவட்டங்களுக்குக் கும்பினியாரின் நீதிமன்றங்கள் இருந்தன. குற்ற வழக்குகளில் அவற்றின் உச்சியில் இருந்தது பௌஜ்தாரி அதாலத். மாவட்டங்களைச் சுற்றிவரும் நீதிபதிகள் மரண தண்டனைக்குரிய வழக்குகளை இதன் முடிவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கீழே விசாரணை, மேலே மறுபார்வை என்னும் அடுக்கமைப்பு மொபசலில் தொடக்கம் முதலே இருந்தது என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். அது கைதியின் மீதான கருணையால் மட்டும் எழுந்ததன்று. தொலைவில் இருக்கும் தன் அதிகாரிகளைக் கட்டுக்குள் வைக்க ஓர் அரசு செய்துகொண்ட ஏற்பாடும் ஆகும்.

1862-இல் இவ்விரு மரபுகளும் ஒரே நீதிமன்றத்துள் வந்தன; ஒன்றாகக் கலக்கவில்லை. 1862-ஆம் ஆண்டுப் பட்டயத்தின் இடத்தில் வந்த 1865 டிசம்பர் 28-ஆம் நாளிட்ட பட்டயம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவரோ பலரோ தொடக்கநிலைக் குற்றவியல் அதிகாரத்தில் அமர்ந்து அளிக்கும் தண்டனைக்கு எதிராக அந்நீதிமன்றத்தில் மேல்முறையீடு இல்லை என்று அதன் 25-ஆம் கூறு சொல்கிறது. நீதிபதி தாமாக விரும்பினால் ஒரு சட்ட வினாவை உயர் நீதிமன்றத்தின் கருத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். நீதிபதி ஒதுக்காவிடினும், சட்ட வினாவொன்றின் முடிவில் பிழை உள்ளது அல்லது அது மேலும் ஆராயத்தக்கது என்று அட்வகேட் ஜெனரல் சான்று அளித்தால் வழக்கை மறுபார்வை செய்யலாம் என்கிறது 26-ஆம் கூறு. அடுத்துவரும் 27-ஆம் கூறு மாகாணத்தின் பிற குற்றவியல் நீதிமன்றங்களிலிருந்து வரும் மேல்முறையீடுகளை ஏற்கும் அதிகாரத்தை அதே உயர் நீதிமன்றத்துக்கு அளிக்கிறது. அடுத்தடுத்து நிற்கும் மூன்று கூறுகளில் இருவேறு உலகங்கள் அமைந்துள்ளன.

இதன் விளைவை 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதும் விளங்கும். செஷன்ஸ் நீதிபதியால் தண்டிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றது 410-ஆம் பிரிவு. அம்மேல்முறையீடு சட்ட வினாவை மட்டுமன்றி, நடந்தது என்ன என்னும் பொருண்மை வினாவையும் எழுப்பலாம் என்றது 418-ஆம் பிரிவு. ஜூரி விசாரணைக்கு மட்டும் விலக்கு இருந்தது. மாவட்டங்களில் ஜூரி இல்லாத வழக்குகளில் அசெசர்கள் நீதிபதிக்குத் துணையாக அமர்ந்தனர். அவர்களுடைய கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. எனவே மேல்முறையீட்டையும் தடுக்காது. மரண தண்டனையாயின் கைதி கேட்க வேண்டிய தேவையும் இல்லை. 374-ஆம் பிரிவின்படி செஷன்ஸ் நீதிபதியின் மரண தண்டனை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யும்வரை நிறைவேறாது. இரண்டு நீதிபதிகளேனும் அவ்வுறுதியில் கையொப்பமிட வேண்டும்.

இதை ஒரு கைதியின் நிலையிலிருந்து காண்போம். மதுரையில் தூக்குத் தண்டனை பெற்ற உழவர் ஒருவரின் வழக்குக் கட்டு, அவர் ஒரு வரி எழுதாவிடினும், சென்னைக்குச் சென்று இரு நீதிபதிகளால் சாட்சியம் சாட்சியமாகப் படிக்கப்பட்டது. சென்னையில் ஒரே நீதிபதியும் ஒன்பது ஜூரர்களும் அமர்ந்த விசாரணையில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கை அவ்வாறு படிக்க எவருக்கும் கடமை இல்லை. ஒன்பதின்மரில் அறுவர் ஒருமித்து, நீதிபதியும் அவர்களோடு உடன்பட்டால் போதும். உயர்ந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டவருக்குக் குறைந்த பாதுகாப்பு என்னும் இம்முரண் எண்பது ஆண்டுகள் நீடித்தது.

மறுபக்கமும் உண்டு. மாவட்டத்தில் விடுதலை பெற்றவரை அரசு 417-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டுக்கு இழுக்க முடியும். நகரில் ஜூரி விடுவித்தவரை அவ்வாறு இழுக்க இயலாது. நகரச் சுவர் உள்ளே இருந்தவருக்குச் சில வேளை அரணாகவும் இருந்தது.

சட்ட வினாவும் பொருண்மை வினாவும்

இம்முறைக்கு அடிப்படையான கருத்து ஆங்கிலேயருடையது. பொருண்மையை முடிவு செய்பவர் ஜூரர். சட்டத்தைச் சொல்பவர் நீதிபதி. ஜூரரின் முடிவை மேலோர் நீதிமன்றம் கிளறலாகாது. இங்கிலாந்திலும் 1907 வரை சட்ட வினாக்களை ஒதுக்கி வைக்கும் முறையே இருந்தது. ஆள் அடையாளத்தை மாற்றிச் சொன்ன சாட்சிகளால் அடால்ஃப் பெக் என்பவர் 1896-இலும் 1904-இலும் தவறாகக் குற்றவாளியாக்கப்பட்டது வெளிப்பட்டபின் அங்குக் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கப்பட்டது. ஆகவே சென்னையின் விதியை வெறும் காலனிய வஞ்சகம் என்று சொல்லிவிட முடியாது. இலண்டனிலும் அதுவே விதி. ஆனால் இலண்டன் 1907-இல் திருத்திக்கொண்டதைச் சென்னைக்கு வழங்க மேலும் 36 ஆண்டுகள் ஆயின என்பதற்கு ஜூரியின் மீதான மதிப்பை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. நகரின் ஜூரர் பட்டியல் ஆங்கிலம் அறிந்த, சொத்துடைய சிறு வட்டத்தைச் சார்ந்தது. அவர்கள் முடிவு ஊராரின் முடிவு என்பது ஏட்டளவான கொள்கையே.

தமிழ் மரபின் மிகப் புகழ்பெற்ற முறையீடு பொருண்மை பற்றியது என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி பாண்டியனின் சட்டத்தை மறுக்கவில்லை. கள்வனைக் கொல்வது முறையன்று என்று அவள் வாதிடவில்லை. சிலம்பினுள் இருந்தவை முத்துகளா மாணிக்கங்களா என்பதே அவள் எழுப்பிய ஒரே வினா. சென்னைப் பட்டயத்தின் 25-ஆம் கூறு அவ்வினாவையே வாயிலில் நிறுத்தியது.

1901: நாற்பத்தொரு செயல்கள்

இக்குறுகிய வழியினூடே நுழைந்து வென்ற வழக்குகளும் உண்டு. அவற்றுள் தலையாயது சுப்பிரமணிய ஐயர் எதிர் பேரரசர் வழக்கு. சென்னை உயர் நீதிமன்ற செஷன்ஸில் ஜூரியின் முன் அவர் விசாரிக்கப்பட்டார். ஓராண்டுக்குள் நிகழ்ந்த ஒரே வகையான மூன்று குற்றங்களை மட்டுமே ஒரே விசாரணையில் சேர்க்கலாம் என்பது 234-ஆம் பிரிவின் விதி. அவர்மீது சுமத்தப்பட்டவையோ இரண்டாண்டுக் காலத்தில் பரவிய 41 செயல்கள். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

விசாரணைக்குப்பின் இவ்வினா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வின்முன் வந்தது. குற்றச்சாட்டுகளைச் சேர்த்த முறை பிழையானது என்பதை அமர்வு ஏற்றது. ஆனால் பிழையான பகுதியை நீக்கிவிட்டு, எஞ்சியதற்குரிய சாட்சியத்தைத் தாமே எடைபோட்டுத் தண்டனையை நிலைநிறுத்தலாம் என்று கருதியது. பிரிவி கவுன்சில் இதை ஏற்கவில்லை. ஹால்ஸ்பரி பிரபு வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: நடைமுறைச் சட்டம் வெளிப்படையாகத் தடுத்த விதத்தில் ஒருவரை விசாரித்தது வெறும் ஒழுங்கீனம் அன்று, சட்டவிரோதம், 537-ஆம் பிரிவால் அதைச் சீர்செய்ய முடியாது. எஞ்சிய பகுதியை நீதிபதிகளே எடைபோடுவது ஜூரியின் பணியைத் தாம் எடுத்துக்கொள்வதாகும். அவ்வாறு பின்னர் ஒழுங்குசெய்யப்பட்ட குற்றச்சாட்டின்மீது குற்றஞ்சாட்டப்பட்டவர் உண்மையில் விசாரிக்கப்படவே இல்லை என்றாகிவிடும்.

இத்தீர்ப்பு பிற்காலத்தில் 'சட்டவிரோதமா, ஒழுங்கீனமா' என்னும் விவாதத்துக்காகவே எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. அதிகாரவரம்பின் வரலாற்றில் அதற்கு வேறொரு பொருள் உண்டு. சுப்பிரமணிய ஐயரை மீட்டது ஒரு சட்டப் பிழை. 41 செயல்களுக்குப் பதில் மூன்றே செயல்கள் சேர்க்கப்பட்டு, அவற்றுக்கான சாட்சிகள் பொய் சொல்லியிருந்தால், அதே கதவு அவருக்குத் திறந்திராது. கைதியின் விதி அரசுத் தரப்பு செய்த தவறின் வகையைச் சார்ந்திருந்தது.

பிரிவி கவுன்சிலும் எல்லோருக்கும் திறந்த கதவன்று. 1887-இன் டில்லட் வழக்கில் அது தன் கொள்கையை வகுத்துக்கொண்டது. சட்ட நடைமுறையின் வடிவங்கள் புறக்கணிக்கப்பட்டு, அல்லது இயற்கை நீதியின் நெறிகள் மீறப்பட்டு, கடுமையான அநீதி விளைந்தாலன்றிக் குற்ற வழக்கில் அது தலையிடாது. தன்னை அது பொதுவானதொரு குற்றவியல் மேல்முறையீட்டு மன்றமாகக் கருதியதே இல்லை.

1908: திருநெல்வேலியிலிருந்து

நகருக்கு வெளியே இருந்த வழி எத்தகையது என்பதை வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வழக்கு காட்டும். 1908 மார்ச்சில் கைதான அவரைத் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே விசாரித்து, ஜூலை 7 அன்று வாழ்நாள் தீவாந்தர சிட்சை விதித்தார். சுப்பிரமணிய சிவாவுக்குப் பத்தாண்டுகள். பின்ஹேயின் தீர்ப்பில் இருந்த கடுமை அக்காலத்திலேயே பேசப்பட்டது.

வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் வழக்குரைஞராகப் பணியாற்றியவர். மேல்முறையீட்டின் வழி அவருக்குப் புதிதன்று. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதி மில்லர் ஆகியோரின் அமர்வு மேல்முறையீட்டைக் கேட்டது. சொற்பொழிவுகள் பகைமையைத் தூண்டுவனவே என்னும் முடிவை அவ்வமர்வு மாற்றவில்லை. ஆயினும் வாழ்நாள் தண்டனை ஆண்டுக்கணக்கிலான தண்டனையாகச் சுருங்கியது. வ.உ.சி. 1912 டிசம்பரில் வெளிவந்தார். அரசுக்கு மிகுந்த எரிச்சலூட்டிய ஓர் அரசியல் கைதியின் தண்டனையை அரசின் உயர் நீதிமன்றமே குறைக்க வழி இருந்தது. அவர் அந்தச் சொற்பொழிவுகளைச் சென்னைக் கடற்கரையில் நிகழ்த்தி நகர ஜூரியால் தண்டிக்கப்பட்டிருந்தால், தண்டனை மிகை என்ற ஒரு காரணத்தைக் கொண்டு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்க இயலாது. இந்த ஒப்பீடு கற்பனைதான். எனினும் மேற்கண்ட சட்டக் கூறுகளை வைத்துப் பார்க்கையில் இதுவே முடிவு.

அதே மாவட்டத்தில் மூன்றாண்டுகள் கழித்து, 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டபோது அரசு வேறு வழியைத் தேர்ந்தது. அவ்வழக்கு திருநெல்வேலி செஷன்ஸுக்குச் செல்லவில்லை. 1908-இன் குற்றவியல் திருத்தச் சட்டப்படி ஜூரி இன்றி, உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் கொண்ட தனி அமர்வு சென்னையிலேயே விசாரித்தது. அவர்களுள் ஒருவரான சங்கரன் நாயர் சதிக் குற்றம் பற்றி மாறுபட்ட தீர்ப்பு எழுதியது பலரும் அறிந்தது. அவ்வழக்கு தனிக் கட்டுரைக்குரியது. வழக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் எவ்வளவு வலியது என்பதற்கு மட்டும் அதனை இங்குச் சுட்டுகிறேன்.

1943: 411ஏ பிரிவு

1943-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. உயர் நீதிமன்றத்தின் தொடக்கநிலை விசாரணையில் தண்டிக்கப்பட்டவர் இனி அரசப் பட்டயம் எதைக் கூறினும் மேல்முறையீடு செய்யலாம். சட்ட வினாவாயின் அது உரிமை. பொருண்மை வினாவாயின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோ விசாரித்த நீதிபதியின் சான்றோ வேண்டும். தண்டனை அளவைக் குறைக்கக் கேட்கவும் அனுமதி வேண்டும். இங்கிலாந்தின் 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயல் இதில் வெளிப்படை. அரசுக்கும் விடுதலைத் தீர்ப்புகளுக்கு எதிராக முறையிடும் உரிமை இப்பிரிவாலேயே கிடைத்தது; முன்னர்க் கூறிய நகர அரண் இவ்வாறு தகர்ந்தது.

மேல்முறையீடு சென்ற இடம் சற்று விந்தையானது. அது வேறொரு நீதிமன்றத்துக்குச் செல்லவில்லை. விசாரித்த நீதிபதி நீங்கலாக, அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளேனும் அடங்கிய அமர்வுக்குச் சென்றது. 'மேல்' என்பது இங்கு அடுத்த அறை. எனினும் சாட்சியத்தைக் காகிதத்தில் படிக்க இரு புதிய கண்ணிணைகள் கிடைத்தன. அவ்வமர்வின் ஆணையிலிருந்து, உயர் நீதிமன்றம் தகுதிச் சான்று அளிக்கும் வழக்கில், பிரிவி கவுன்சிலுக்குச் செல்லவும் அப்பிரிவு இடமளித்தது.

1945–47: பாகவதர் வழக்கு

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கை நீதிபதி மாக்கெட் ஜூரியுடன் விசாரித்தார். அப்ரூவரின் சாட்சியம் அரசுத் தரப்பின் முக்கியத் தூணாக இருந்தது. உடந்தையாளி ஒருவரின் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது பொருண்மையும் சட்டமும் பின்னிக் கிடக்கும் வினா. ஜூரர்க்கு நீதிபதி அதுபற்றி உரிய எச்சரிக்கை தர வேண்டும். தந்தபின் நம்புவதும் தள்ளுவதும் ஜூரரின் பாடு. பழைய முறையில் ஜூரரின் நம்பிக்கை அத்தோடு இறுதியாகியிருக்கும்.

தலைமை நீதிபதி லயனல் லீச் உள்ளிட்ட அமர்வு 1945 அக்டோபரில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. வழக்கு இலண்டன் சென்றது. 1947-இல் பிரிவி கவுன்சில் உயர் நீதிமன்றத்தின் முடிவை விலக்கி, வழக்கை மீண்டும் கருதும்படி சென்னைக்கே திருப்பி அனுப்பியது. அதன்பின் சென்னையில் வேறு இரு நீதிபதிகள் மேல்முறையீட்டைக் கேட்டு, 1947 ஏப்ரலில் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுதலை செய்தனர். தண்டனைக் கைதிகளாக ஏறக்குறைய இரண்டாண்டுகள் அவர்கள் சிறையில் கழித்திருந்தனர்.

"இலண்டன் பிரிவி கவுன்சில் பாகவதரை விடுவித்தது" என்பது இன்றும் வழங்கும் கூற்று. திரைப்பட வரலாற்றுக் கட்டுரைகள் சிலவும் இதையே சொல்கின்றன. அது பாதி உண்மை. டில்லட் கொள்கையைக் கைக்கொண்ட ஒரு மன்றம் சாட்சியத்தைத் தானே எடைபோட்டு விடுதலை அளிப்பது அதன் இயல்பன்று. கீழே மேல்முறையீடு சரியாக நடந்ததா என்பதையே அது பார்த்தது. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு செய்தவர்கள் சென்னையின் இரு நீதிபதிகள். அவர்களுக்கு அம்முடிவைச் செய்யும் அதிகாரத்தை அளித்தது 1943-இன் திருத்தம். நாலாண்டுகூட நிறையாத ஒரு பிரிவு அது. பாகவதரின் விடுதலையை இலண்டனின் பெருந்தன்மையாகக் காண்பதைவிட, நகரத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையிலிருந்த பழைய பிளவு மூடப்பட்டதன் முதற்பயன்களுள் ஒன்றாகக் காண்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பிற்காலம்

பிரிவி கவுன்சிலின் அதிகாரவரம்பு 1949 அக்டோபர் 10-இல் முடிவுற்றது. குற்றவியல் மேல்முறையீட்டில் அதன் இடத்தை உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் 134, 136-ஆம் உறுப்புகளின் வழியே பெற்றது. அசெசர் முறை 1955-இல் நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லை. நகர வழக்குகளையும் இன்று செஷன்ஸ் நீதிபதிகளே விசாரிக்கின்றனர். மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு வருகிறது. அரிதாக உயர் நீதிமன்றமே ஒரு குற்ற வழக்கை விசாரித்துத் தண்டித்தால், மேல்முறையீடு அடுத்த அறைக்குச் செல்வதில்லை. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 374(1) பிரிவு அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 415-ஆம் பிரிவும் அவ்வாறே அனுப்புகிறது.